மாசி மாதத்து மதிய இடைவேளையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியப் பெருமக்களுக்கும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளுக்கும் பொதுத்தேர்வு தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில், கால அட்டவணையிலிருந்து ஓசையில்லாமல் கழன்று விழுவது மதிய இடைவேளைதான். உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக்கொண்டால் உடற்கல்வி ஆசிரியராவது முகம் சுளிப்பார். நூலகப் பாடவேளை பறிபோனால்கூட யாரேனும் ஒருவர் நினைவில் வைத்திருப்பார். மதிய இடைவேளைக்கென்று ஒரு பாட ஆசிரியர் இல்லாததால் அதற்காகப் பேசுவதற்கும் ஆள் இல்லை. ஓய்வுபெற்ற ஓர் அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். மாசி பிறக்கும் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் உட்பட எல்லா வகுப்புகளுக்கும் மதிய இடைவேளையை முழுமையாக விடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் வளாகத்து மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடவும், சாப்பிட்டு முடித்த பின் மணி அடிக்கும்வரை அங்கேயே இருக்கவும் இடம் கொடுங்கள். கூடுதலாக ஒரு நிமிடமும் நான் கேட்கவில்லை. அட்டவணையில் ஏற்கெனவே எழுதி ஒட்டப்பட்டிருக்கும் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

அந்த நேரம் எப்படிக் கரைகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 2025-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 3-ஆம் நாளும் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28-ஆம் நாளும் தொடங்கின. சில நாள்கள் முன்பின்னாக ஆண்டுதோறும் இதே நடைமுறைதான். ஆகவே பிப்ரவரி மாதம் முழுவதும் திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வுமாகப் போய்விட, மிச்சமிருக்கும் மதிய நேரத்தின் முதல் பாதியை ஒரு மதிப்பெண் வினாத் தேர்வும் இரண்டாம் பாதியைச் சிறப்பு வகுப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பல பள்ளிகளில் பிள்ளைகள் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு கையில் சோறும் மறு கையில் வினாத்தொகுப்புமாகச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். தேர்ச்சி விழுக்காடு பற்றி முதன்மைக் கல்வி அலுவலர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருப்பதன் நெருக்கடியை நான் அறிவேன். அந்த நெருக்கடியில் எடுக்கப்படும் முடிவுகளில் மிகக் குறைந்த பயனைத் தருவது இது என்பதுதான் என் வாதம். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த ஒரு பிள்ளைக்குப் பகல் ஒரு மணிக்குப் புகட்டப்படும் பாடம் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதை வகுப்பில் நின்ற எவரும் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஏன் மாசி என்று கேட்பீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. பின்பனிக் காலத்தின் முதல் மாதமாகிய இதில் விடியற்காலையில் குளிர் இன்னும் இருக்கும். பகல் வெப்பமோ சமவெளி மாவட்டங்களில் பெரும்பாலும் 30 முதல் 35 பாகை செல்சியசுக்குள் நிற்கும். காற்றில் ஈரம் குறைந்து வானம் தெளிந்திருக்கும். மழைக்காலத்துச் சேறு காய்ந்துவிட்டிருக்கும், கோடையின் அனல் இன்னும் வந்திருக்காது. பங்குனி முற்றிவிட்டால் இதே மர நிழலில் உட்கார்வது தண்டனையாகிவிடும். நண்பகலையும் வேனிலையும் பாலைத் திணைக்கு உரியவையாக வகுத்த நம் இலக்கண மரபு, பின்பனியையும் அதற்கு உரியதென்று சேர்த்துச் சொன்னது. வெயிலுக்குள் நடப்பவனைப் பொறுத்தவரை அது சரி. நிழலில் உட்கார்ந்திருப்பவனுக்கு நம் ஊரில் ஆண்டு முழுவதிலும் நண்பகல் இவ்வளவு இணக்கமாக இருப்பது ஏறக்குறைய இந்த நான்கு வாரங்கள்தான். அந்த நான்கு வாரங்களையே நாம் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

அந்த வாரங்களில் வளாகத்தில் என்னதான் நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் 'மரத்தடியில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களையே நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றேனும் இருக்கும் வாதுமை மரத்தை, பிள்ளைகள் பாதாம் மரம் என்று அழைப்பதை, முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகன்ற இலைகள் உதிர்வதற்கு முன் செம்பு நிறமும் குருதிச் சிவப்புமாக மாறுவது இந்தக் காலத்தில்தான். குளிர்நாடுகளின் இலையுதிர்காலத்தைப் பாடநூல் படத்தில் பார்த்து வியக்கும் பிள்ளைக்கு, அதே வேதியியல் தன் தலைக்கு மேலேயே நிகழ்கிறது என்று காட்ட வேறு சாதனம் எதுவும் வேண்டாம். வேம்பும் அரசும் புங்கும் தூங்குமூஞ்சியும் ஒன்றன்பின் ஒன்றாக இலை கொட்டுகின்றன. வரப்போகும் வறண்ட மாதங்களுக்கு முன் நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அந்த மரங்கள் மழைக்காகக் காத்திருப்பதில்லை. கோடையின் வாசலிலேயே புங்கு எண்ணெய் பூசியது போன்ற இளம்பச்சைத் தளிரையும் அரசு செந்தளிரையும் விட்டுவிடுகின்றன. மழையே இல்லாத மார்ச் மாதத்தில் மரம் எங்கிருந்து தண்ணீர் எடுத்துத் தளிர்க்கிறது என்ற கேள்வியை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாகக் கேட்குமானால், தாவரங்களில் நீர் கடத்தப்படுதல் என்ற பாடத்தில் பாதி முடிந்தது.

பூவரசம் பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் மஞ்சளாக விரியும் அந்தப் பூ, நேரம் ஆக ஆகச் சிவந்து, உதிரும்போது கருஞ்சிவப்பாகியிருக்கும். மதியம் மரத்தடியில் உட்காரும் பிள்ளை மரத்திலிருப்பதையும் தரையிலிருப்பதையும் ஒப்பிட்டே இதைக் கண்டுபிடித்துவிடும். கல்யாண முருங்கையும் முள்ளிலவும் இலையே இல்லாமல் செந்நிறப் பூக்களால் நிறைந்திருப்பதும் இப்போதுதான். அந்தப் பூக்களின் தேனுக்காகக் காகம், மைனா, தேன்சிட்டு எனக் கூட்டம் கூடும். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கு வரும் சூறைக்குருவிகள், இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையுமாக, ஊர் திரும்புவதற்கு முன் இந்த மரங்களில் வந்து இறங்கும். ஏப்ரலில் அவை போய்விடும். மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களும் அப்படியே. விடுமுறைக்குப் பின் ஜூனில் பள்ளி திறக்கும்போது தேடினால் இரண்டும் கிடைக்கா.

போகும் பறவைகள் இப்படியென்றால், இங்கேயே இருப்பவை குடும்பம் நடத்தத் தொடங்கும் காலமும் இதுவே. செம்மார்புக் குக்குறுவான் என்ற சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை, செம்பைத் தட்டுவது போன்ற ஒரே ஒலியை நண்பகலிலும் விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் பக்கத்துப் பட்டறை ஓசை என்றே நினைத்திருப்பார்கள். அது காய்ந்த கிளையைக் குடைந்துதான் கூடமைக்கும் என்பதால், பட்ட கிளை என்று நாம் வெட்டச் சொல்வது சில சமயம் அதன் வீடாக இருந்துவிடுகிறது. தேன்சிட்டு ஏதாவது தொங்கும் கம்பியிலோ கிளை நுனியிலோ நாரும் சிலந்தி நூலும் கொண்டு கூடு கட்டத் தொடங்கும். குயில் மெல்லக் குரல் எடுக்கும். பள்ளித் தோட்டத்தில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ இருந்தால் அதன் தளிரில் வண்ணத்துப்பூச்சியின் புழு மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது முதலில் பறவையின் எச்சத்தைப் போலவும் பிறகு பச்சையாகவும் மாறுவதைத் தினமும் பத்து நிமிடம் பார்த்த பிள்ளைக்கு உருமாற்றம் என்ற பாடத்தை நடத்த வேண்டியதில்லை. நாடு முழுவதும் பள்ளி, கல்லூரி வளாகங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் நான்கு நாள் நிகழ்வும் பிப்ரவரி நடுவேதான் வருகிறது. அதில் ஒரு பட்டியல் தயாரிக்கப் பதினைந்து நிமிடம் போதும்; மதிய இடைவேளையில் அடங்கிவிடும்.

வானத்தையும் மறந்துவிட வேண்டாம். திருச்சிராப்பள்ளியில் பிப்ரவரி நடுவே சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் 12 மணியன்று, ஏறக்குறைய 12.30. நம் பள்ளிகள் பலவற்றில் மதிய மணி அடிக்கும் நேரமும் அதை ஒட்டியே இருக்கிறது. ஒரு மீட்டர் கோலை நேராக நட்டு அந்த நேரத்தில் நிழலை அளந்தால் பிப்ரவரி நடுவே சுமார் 44 சென்டிமீட்டர் இருக்கும், மார்ச் நடுவே 23 அளவுக்கு வந்துவிடும், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நிழலே காணாமற்போகும். கோலும் சுண்ணக்கட்டியும் போதும். பூமியின் அச்சுச் சாய்வையும் முக்கோணவியலையும் ஒரே கோட்டில் காட்டக்கூடிய இந்தச் சோதனையை நடத்தத் தகுந்த ஒரே நேரம் நாம் பறித்துக்கொள்ளும் அந்த நேரம்தான் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்திருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் பாடமாக்கிப் பதிவேடு எழுதச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க விரும்பும் பிள்ளை பார்க்கட்டும். சும்மா படுத்து மேலே இலைகளைப் பார்க்க விரும்பும் பிள்ளை அதையே செய்யட்டும்.

இதெல்லாம் அழகான பேச்சு, மதிப்பெண்ணுக்கு என்ன செய்யும் என்று கேட்கும் பெற்றோருக்காக ஒன்று சொல்கிறேன்: கண். கிட்டப்பார்வை நம் நகரப் பிள்ளைகளிடையே பெருகி வருவதைக் கண்ணாடிக் கடைகளே சொல்லும். தைவானின் கௌசியுங் புறநகர்ப் பகுதியில் அருகருகே இருந்த இரு பள்ளிகளை ஆய்வாளர்கள் ஓராண்டு ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் இடைவேளைகளில் வகுப்பறைகளைக் காலி செய்து பிள்ளைகளை வெளியே இருக்கச் செய்தார்கள், மற்றதில் வழக்கம்போல் விட்டார்கள். புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டவர்களின் பங்கு முதல் பள்ளியில் 8.41 விழுக்காடு, மற்றதில் 17.65 விழுக்காடு. சீனத்தின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளிப்புற நேரத்தைக் கூட்டி மூன்றாண்டு தொடர்ந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அதில் கிட்டப்பார்வை அடைந்தோர், நேரம் கூட்டப்பட்ட பிள்ளைகளில் 30.4 விழுக்காடு, கூட்டப்படாதவர்களில் 39.5 விழுக்காடு. பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே இதற்குப் பெரும்பாலும் கூறப்படும் விளக்கம். இதற்கு வெயிலில் நிற்க வேண்டியதில்லை: வகுப்பறைக்குள் ஒளி சில நூறு லக்ஸ் இருக்கும்போது, திறந்தவெளி மர நிழலில் அது பல ஆயிரம் லக்ஸ். ஏற்கெனவே கண்ணாடி அணிந்துவிட்ட பிள்ளைக்கு இது பெரிதாக உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இந்தப் பழக்கம் தொடக்கப் பள்ளியிலிருந்தே வேண்டும்.

மாணவிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. இருபாலர் பள்ளிகளில் மதிய மணி அடித்ததும் மைதானம் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போய்விட, பெண்பிள்ளைகள் வகுப்பறைக்குள்ளோ வராந்தாவின் ஓரத்திலோ ஒடுங்கிவிடுவது யாரும் ஆணையிடாமலேயே நடந்துகொண்டிருக்கிறது. 'இடைவேளை விடுகிறோமே' என்று பள்ளி சொல்லும்போது பாதிப் பிள்ளைகளுக்கு அது பொருந்துவதில்லை. நிழல் அதிகமுள்ள இரண்டு மரங்களின் அடியை மாணவிகளுக்கென்று தொடக்கத்தில் ஒதுக்கித்தர வேண்டும். கழிப்பறையும் கைகழுவும் குழாயும் அந்தப் பக்கத்திலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் வெளியே வாருங்கள் என்று அழைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், வராததற்கு அவர்களையே குறை சொல்லவும் செய்வோம்.

தடைகள் உண்டு, அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. தென்னை மரத்தடியில் எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்கக் கூடாது. பெருந்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும் மரத்தை விட்டு விலகியே இருக்க வேண்டும், அந்தப் பக்கம் கல்லெறிவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். முருங்கையில் கம்பளிப் பூச்சி அடைந்திருக்கும். சத்துணவு வாங்கும் வரிசை நீளமாக இருக்கும் பள்ளிகளில், அந்த வரிசையும் நிழலுக்குள் வரும்படி பரிமாறும் இடத்தைச் சற்று நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கும் நல்ல வழக்கம் பள்ளிகளுக்கு வந்திருப்பதால், வெளியே போகும் பிள்ளைகளின் கையில் தண்ணீர் பாட்டில் இருப்பதைப் பார்த்துக்கொள்வது புதிய சுமையாகாது. ஒழுங்கு கெட்டுவிடும் என்ற அச்சத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. இடம் குறுகியிருக்கும்போதுதான் பிள்ளைகள் மோதிக்கொள்கிறார்கள்.

இந்தக் காலத்தில் பள்ளிகளில் நடக்கும் இரண்டு செயல்களை உடனே நிறுத்தச் சொல்லியும் வேண்டுகிறேன். முதலாவது, உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து வளாகத்தின் மூலையில் தீ வைப்பது. வேப்பஞ்சருகின் புகை கொசுவை விரட்டும் என்று சமாதானம் சொல்லப்படுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு குழி வெட்டி அதில் கொட்டிச் சாணிக்கரைசலும் தண்ணீரும் தெளித்துவைத்தால் அடுத்த பருவத்துக்குத் தோட்ட உரம் தயார். இரண்டாவது, தேர்வு மையமாக அறிவிக்கப்பட்ட பள்ளிகளில் 'சுத்தம் செய்தல்' என்ற பெயரில் கிளைகளை மொட்டையடிப்பது. கூடு கட்டும் பருவத்தில் அதைச் செய்வதைவிட மோசமான காலத் தேர்வு இல்லை. மின்கம்பியைத் தொடும் கிளையை வெட்டுங்கள், மற்றவற்றை விட்டுவையுங்கள்.

மரமே இல்லாத பள்ளிகளும் உண்டு என்பது தெரியும். முன்புறம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்து, தொட்டியில் இரண்டு குரோட்டன்ஸ் வைத்திருக்கும் வளாகங்களில் இப்போதைக்குக் கட்டடத்தின் வடபுற நிழல்தான் கதி; பிப்ரவரியில் சூரியன் தென்புறம் சாய்ந்திருப்பதால் நண்பகலிலும் அங்கே ஓரளவு நிழல் கிடைக்கும். கல்லில் நான்கைந்து இடங்களைப் பெயர்த்து வரும் ஆடியில் புங்கும் வேம்பும் நட்டால், இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது அதன் அடியில் உட்காரலாம்.

ஆசிரியர்களின் பங்கு பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளை வெளியே விட்டால் மேற்பார்வைக்கு ஆசிரியர் வேண்டும், அவருக்கும் பசிக்கும். எல்லா நாளும் எல்லாரையும் நிறுத்தி வைக்காமல், இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டு, முறை வராத நாளில் அந்த ஆசிரியரின் இடைவேளையையும் முழுமையாக அவருக்கே விட வேண்டும். மதியத்தில் கட்டாயச் சிறப்பு வகுப்பு இல்லையென்று அறிவித்தாலே பல ஆசிரியர்கள் நன்றியோடு ஒத்துழைப்பார்கள் என்பது என் கணிப்பு.

மேலாண்மைக் குழுவினருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். ஆகவே சிறப்பு வகுப்பு வேண்டும் என்று பள்ளியை நெருக்குவதும் நீங்கள்தான், வேண்டாம் என்று சொல்லக்கூடியவர்களும் நீங்கள்தான். தை மாதக் கூட்டத்திலேயே இதைப் பொருளாக வைத்து, மாசி முழுவதும் மதிய இடைவேளையில் வகுப்போ தேர்வோ நடத்தப்படாது என்று தீர்மானம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். பன்னிரண்டாம் வகுப்பினருக்கு அதில் கிடைக்கப்போவது இரண்டு வாரங்கள்தான் என்பதால், அந்த இரண்டு வாரத்திலும் விதிவிலக்கு கேட்டு யாரேனும் வந்தால், மாலை வகுப்பை வேண்டுமானால் கால் மணி நேரம் நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், மதியத்தை விட்டுத்தராதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.